பூஜ்யத்துக்கு ஒரு சீல்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ஒரு புயல் எந்த வருடம் அடித்தது என்று பழைய புத்தகம் ஒன்றில் பார்க்க வேண்டியிருந்தது. (அது வேறு கதைக்காக. புயல் கிடைத்தது, கதை வரவில்லை.) வருடத்தைக் குறித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றும்போது, அலமாரிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பெண்கள் பேசுவது கேட்டது.

"மேடம், ஜீரோ வந்திருக்கு. பிரிண்ட் எடுத்துட்டேன். இதுல ஒரு சீல் போட்டுக் குடுத்துடுங்க."

"ஜீரோவுக்கெல்லாம் சீல் கெடையாதும்மா."

அவ்வளவுதான். முதல் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளைக்கு வேலை கிடைத்தவள் மாதிரி. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். மூக்கு எப்படி, புடவை என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு நானாக ஒட்டவைப்பது. கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அந்த முதல் குரல் இரண்டாவது குரலோடு சண்டையே போட ஆரம்பித்துவிட்டது.

பத்திரத்துக்குச் சீல் கேட்பார்கள். சான்றிதழுக்குக் கேட்பார்கள். ஒன்றுமே இல்லை என்பதற்கு ஒருத்தி ஏன் சீல் கேட்கிறாள்? இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது இதைத் தெரிந்துகொள்ளத்தான். எனக்கும் அதுவரை தெரியாது.

2

ஆரம்பித்துப் பார்த்தவை:

"வைகறையில் தில்லைக் கோபுரங்கள் பொன்னொளியில்" [வேண்டாம். கோபுரத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.]

"அறிவு என்பது ஒரு பெருங்கடல். அதில் முத்தெடுக்க விழைவோர்" [பரிசளிப்பு விழா வாடை அடிக்கிறது.]

"ஆய்வாளர் விருத்தாம்பாளுக்கு அன்று ஒரு" [ஒரு என்ன? தெரியவில்லை. ஆனால் பெயர் வந்துவிட்டது. வைத்துக்கொள்கிறேன்.]

ஆகவே விருத்தாம்பாள். நாற்பத்தெட்டு வயது. பண்ருட்டிப் பக்கம் பிறந்து, குடிகாட்டில் வாழ்க்கைப்பட்டவள். கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகச் சமூகவியல் நடத்துகிறாள். பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்தரை வருடம் ஓடிவிட்டது. ஆறு நிறைந்தால் பதிவு காலாவதி. ஆய்வு, முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றியது.

அவளுடைய இரண்டாம் இயலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'இப்பொருளில் இதுவரை எவ்வித ஆய்வும் மேற்கொள்ளப்படவில்லை.' போன கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, "அடுத்த தடவ வரும்போது இத நிரூபிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை என்பது வருகிற வியாழக்கிழமை. அந்த ஒரு வாக்கியம் நின்றால் ஆய்வு நிற்கும். விழுந்தால் புதுத் தலைப்பு, புது ஐந்து வருடம், அதற்கு நேரமும் இல்லை.

இப்போது பேசட்டும்.

3

"தேடுற பெட்டியில என்ன போட்டீங்க?" என்று கேட்டாள் லலிதாம்பிகை. நூலகத்தில் இணையத் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். விருத்தாம்பாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள்.

"தலைப்பத்தான் போட்டேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான். 'எ சோஷியலாஜிக்கல் ஸ்டடி ஆன் தி லைஃப் கண்டிஷன்ஸ் ஆஃப் விமன் கேஷ்யூ ஷெல்லிங் வொர்க்கர்ஸ் வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கடலூர் டிஸ்ட்ரிக்ட்.' ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி வேற போட்டேன். எங்க கைடு செம்பியன் சார் சொன்னாரு, மேற்கோள் போட்டாத்தான் கரெக்டா வரும்னு."

"கரெக்டாத்தான் வந்திருக்கு. இந்தப் பதினெட்டு வார்த்தையையும், இதே வரிசையில, ஒண்ணுகூட மாறாம வேற யாராவது எழுதியிருக்காங்களான்னு கேட்டிருக்கீங்க. எழுதல."

"அதானே மேடம் நானும் சொல்றேன்!"

லலிதாம்பிகை ஒரு நிமிடம் விரலால் நெற்றியைத் தேய்த்தாள். விருத்தாம்பாளுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பில் புரியாத பிள்ளைகளின் முன்னால் அவளே செய்வது அது.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, 'பச்ச பொடவ கட்டி, எடது கையில மஞ்சப் பை வச்சிக்கிட்டு, பன்னு தின்னுக்கிட்டே தெக்க பாத்து நிக்கிற விருத்தாசலத்து பொம்பள யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"இல்லம்பாங்க."

"அப்ப பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களே இல்லன்னு எழுதிடுவீங்களா?"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் யாரோ சிரித்தார்கள். விருத்தாம்பாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த அச்சுத்தாளை நீவிவிட்டாள். மேலே நூலகத்தின் பெயர், கீழே தேதி, நடுவில் அந்த ஒற்றை முட்டை.

"அப்ப சீலு? வியாழக்கெழம கமிட்டியில, பென்சிலால கோடு போட்டவருக்கு நான் எதக் காட்டுறது?"

"சீல் போட்டா அது இல்லன்னு ஆயிடுமா மேடம்?"

4

இங்கே நிறுத்தினேன். இரண்டு வாரம் நிறுத்தினேன்.

முதல் காரணம், தகவல். நான் இதுவரை எந்தத் தரவுத்தளத்திலும் எதையும் தேடியவள் இல்லை. ஆகவே மறுபடி சிதம்பரம் போனேன். கவுண்டரில் குஞ்சிதபாதம் என்று ஒருவர். எழுதினதை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சீல் கேக்கறது சரிதான். இத்தன வருஷத்துல பல பேரு கேட்டுட்டாங்க. ஆனா சத்தமா சிரிச்சதா எழுதியிருக்கீங்களே, எங்க ஹால்ல யாரும் சத்தமா சிரிக்க மாட்டாங்க."

"நான் காதால கேட்டேங்க."

"அப்ப வெளியாளா இருக்கும்."

[சிரிப்பை எடுக்கவில்லை. வெளியாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.]

இரண்டாவது காரணம் பெரியது. விருத்தாம்பாள் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள் இவ்வளவு அசட்டுத்தனமாக ஏமாறுவாளா? அவளை வைத்து நான் உங்களைச் சிரிக்கவைத்துவிட்டேன். அது சுலபம். அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளையே கேட்டேன்.

"ஏன் விருத்தாம்பா, ஒண்ணுமில்லன்னு வந்ததுக்கு ஏன் அப்பிடி குதிச்ச?"

"நீங்க எங்க அம்மாவப் பத்தி எழுதவே இல்லியே" என்றாள்.

"சொல்லு."

"ரத்தினம்மா. முப்பத்தோரு வருஷம் கொட்ட ஒடச்சவுங்க. ஓட்டுல இருந்து வடியிற எண்ண பட்டு கை வெந்து, உரிஞ்சி, கறுத்து, திரும்ப வெந்து… வெரல் நுனியெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சி. ரேஷன் கடையில ரேக வைக்கிற மிஷினு வந்துச்சி பாருங்க, மொத நாளு போயி வெரல வச்சாங்க. விழல. வேற வெரலு. விழல. பத்து வெரலும் வச்சாங்க. பின்னாடி வரிசையில நிக்கிறவன், 'ஆயா, வெரல வூட்ல வச்சிட்டு வந்துட்டியா'ங்கறான். அம்மா வந்து எங்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க, 'ஏன்டி, மிஷினுக்கு என்ன அடையாளமே தெரியலடி'ன்னு."

"அதுக்கு நீ?"

"அன்னிக்குத்தான் நெனச்சேன். இந்தக் கைய ஒருத்தனும் பாக்கல. எழுதல. ஊர் ஒலகத்துல ஒருத்தன்கூட. நாந்தான் எழுதப்போறேன்னு நெனச்சேன். ஜீரோ வந்துச்சின்னா என்னா அர்த்தம்? நான் நெனச்சது சரின்னு அர்த்தம்."

ஆக, அது வெற்றுச் சந்தோஷமில்லை. அதற்குள்ளே ஒரு வழக்கு இருந்தது. உலகத்தின் மேல் போட்ட வழக்கு. அதற்குத்தான் அவள் சீல் கேட்டாள். [இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களும் எனக்குப் பிடித்திருக்கின்றன. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.]

5

லலிதாம்பிகை அச்சுத்தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கம் மூன்று கட்டம் போட்டாள்.

"தலைப்ப மறந்துடுங்க. எதப் பத்தி?"

"முந்திரி."

"கேஷ்யூ. மொதக் கட்டம். என்ன வேல?"

"ஒடைக்கிறது. உரிக்கிறது."

"ரெண்டாவது கட்டம். ஷெல்லிங், ப்ராசஸிங், வொர்க். வொர்க்குக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரம் போடுங்க, வொர்க்கர், வொர்க்கர்ஸ், வொர்க்கிங் எல்லாத்தையும் அதுவே சேத்து இழுத்துட்டு வரும். மூணாவது, என்ன ஆவுது?"

"கை வேவுதும்பாங்க எங்க அம்மா."

"அத எழுதுங்க."

விருத்தாம்பாள் 'பர்ன்' என்று எழுதினாள். தேடினார்கள். முந்திரி ஓட்டை எரித்துக் கொதிகலன் ஓட்டுவது பற்றி ஏழெட்டுக் கட்டுரைகள் வந்தன. கை எதிலும் இல்லை.

"பாத்தீங்களா, இல்ல" என்றாள் விருத்தாம்பாள். குரலில் கொஞ்சம் வெற்றி.

"இருங்க. உங்க அம்மா வேவுதும்பாங்க. தோல் டாக்டர் என்னம்பாரு?"

"டெர்மடைட்டிஸ்."

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு?"

"ஆக்குபேஷனல்… ஹஸார்டு."

"அந்த எண்ணெய பாட்டில்ல புடிச்சு ஆராயற கெமிஸ்ட்ரிக்காரரு அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாரு. ஒரே கைய ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேரு வச்சி கூப்புடுறாங்க மேடம். நீங்க எல்லா பேரையும் சொல்லிக் கூப்புடணும். எதுக்குத் திரும்பிப் பாக்கும்னு தெரியாதில்ல?"

ஒரே கட்டத்துக்குள் இருக்கும் வார்த்தைகளுக்கு நடுவே 'ஆர்'. இது இல்லையென்றால் அது. அந்தக் கட்டத்துக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே 'ஆண்ட்'. இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும். மேற்கோள் குறி, பிரிக்கக் கூடாத ஜோடி வார்த்தைகளுக்கு மட்டும்.

[இந்த இடத்தில் லலிதாம்பிகை இன்னும் முக்கால் மணி நேரம் பேசினாள். வெட்டிவிட்டேன். குஞ்சிதபாதத்துக்கு இதில் வருத்தம். "பொருள் தலைப்பு வழியா தேடறத விட்டுட்டீங்களே" என்றார். சொல்லிவிடுகிறேன்: நமக்குத் தோதான ஒரு கட்டுரை கிடைத்தால், நூலகத்தார் அதற்கு என்ன பொருள் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் சொந்தபந்தமெல்லாம் கிடைக்குமாம். அந்தக் கட்டுரை யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரிதான். போதுமா ஐயா?]

'கேஷ்யூ' என்று மட்டும் தட்டியபோது முப்பத்தோராயிரம். கேக்கு, அல்வா, கொட்டை தின்றால் வரும் அலர்ஜி, மரத்தைத் துளைக்கும் வண்டு. மூன்று கட்டத்தையும் சேர்த்ததும் இருநூற்றுப் பதினான்கு. தலைப்பிலும் கட்டுரைச் சுருக்கத்திலும் மட்டும் தேடச் சொன்னதும் ஐம்பத்தேழு. தின்பவர்களின் அலர்ஜியை ஒவ்வொன்றாகத் தள்ளி விட்டதும் முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு.

கேரளாவில் செய்தது, வியட்நாமில் செய்தது, மேற்கு ஆப்பிரிக்காவில் செய்தது. ஒன்று, விருத்தாம்பாள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடத்தில் வந்தது.

அவள் கண்களில் நீர் திரண்டு [இல்லை. சிரித்த ஆள் இன்னும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அழ மாட்டாள்.] அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு மடக்குக் குடித்தாள். மூடியைத் திருகி மூடினாள். பிறகு சொன்னாள்:

"நீங்க பேசாம சீல் போட்டிருக்கலாம்."

"மேடம்…"

"நீங்க தேடாம இருந்திருந்தா இது இருந்திருக்காதில்ல?"

"இருந்திருக்கும். வியாழக்கெழம கமிட்டியில இருந்திருக்கும். அந்தப் பென்சில்காரரு ஒண்ணே ஒண்ண பிரிண்ட் எடுத்துட்டு வந்து மேஜ மேல வச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஐந்தரை வருடம். பஸ்ஸில் திருத்திய விடைத்தாள்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரி கம்பெனி வாசல்களில் காத்திருந்து எடுத்த நூற்று நாற்பது பேட்டிகள். எல்லாம் ஒரு வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருந்தன. வாக்கியம் நகர்ந்துவிட்டது.

6

(கதையில் சேராத ஒரு பக்கம்.)

முந்தைய பகுதியை எழுதி முடித்த தெம்பில், இந்தக் கதைக்கு ஒரு முன்னுரை மாதிரி, 'தரவுத்தளத் தேடலைப் பற்றித் தமிழில் இதுவரை யாரும் கதை எழுதியதில்லை' என்று எழுதி, குஞ்சிதபாதத்திடம் பெருமையாகக் காட்டினேன்.

"அப்பிடியா? தேடிப் பாத்தீங்களா?" என்றார்.

அந்த வரி இப்போது இல்லை. முன்னுரையும் இல்லை. அவர் நல்ல மனிதர், சிரிக்கக்கூட இல்லை. அந்த ஹாலில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவர்தான் சொன்னாரே.

விருத்தாம்பாளை இனிமேல் கொஞ்சம் மரியாதையாக எழுதுவது என்று அன்று முடிவு செய்தேன்.

7

"ஒண்ண மட்டும் படிச்சிட்டுப் போங்க" என்று லலிதாம்பிகை சொன்னாள். "சுருக்கத்த மட்டும். பத்து வரிதான்."

வேண்டாவெறுப்பாகத்தான் படித்தாள். ஆப்பிரிக்கக் கட்டுரை அது. எழுதியவள் ஒரு பெண். எழுபது பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறாள். தோல் கறுத்தது, உரிந்தது, வெடித்தது என்று ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். எட்டாவது வரியில் 'பலருக்கு விரல் நுனியில் ரேகை மங்கியிருந்தது' என்று இருந்தது.

விருத்தாம்பாள் அந்த வரியை இரண்டாவது தடவை படித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனாள்.

"யம்மா."

"என்னாடி, இந்த நேரத்துல? காலேஜு இல்லியா?"

"உன் கையப் பத்தி ஒருத்தி எழுதியிருக்கா."

"எவ அவ? நம்ம கம்பெனியில ஒடச்சவளா?"

"இல்லம்மா. ஆப்பிரிக்கா."

"எது?"

"ஆப்பிரிக்கா. கடலுக்கு அந்தாண்ட."

"அங்கயுமா கொட்ட ஒடைக்கிறாளுங்க?"

"ஒடைக்கிறாங்களாம். வியட்நாமுல ஒடைக்கிறாங்களாம். கேரளாவுல. எல்லாருக்கும் இப்பிடித்தான் ஆவுதாம். ரேக போயிடுதாம்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கழுவி வைக்கும் ஓசை.

"எனக்கு மட்டும்னுல்ல நெனச்சேன்" என்றாள் ரத்தினம்மாள். "மொதல்லயே வெளக்கெண்ண தடவிக்கிட்டு ஒக்கார சொல்லு அவுங்கள. நான் தடவாம ஒடைச்சேன், பருப்புல எண்ண ஒட்டுதுன்னு மேஸ்திரி ஏசுவாரேன்னு. சொல்லுவியா?"

"யாருகிட்டம்மா சொல்றது?"

"எழுதுனாளே, அவகிட்ட சொல்லு."

[இந்த உரையாடலை நான் எழுதவில்லை. கேட்டபடி வைத்தேன். அடித்துத் திருத்தாத ஒரே பக்கம் இதுதான். இதைப் படித்துவிட்டு நீங்கள் கதையை மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் வியாழக்கிழமை அப்படியே நிற்கிறது. விருத்தாம்பாளின் பதிவு இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது.]

8

உள்ளே திரும்பி வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, முப்பத்தெட்டுலயும் என்ன இல்லன்னு எப்பிடிப் பாக்கறது?"

"அது கம்ப்யூட்டர் சொல்லாது. படிக்கணும்" என்றாள் லலிதாம்பிகை.

"முப்பத்தெட்டயும்?"

"முப்பத்தெட்டயும். முழுக் கட்டுரை கெடைக்காதத எங்கிட்ட குடுங்க, வேற லைப்ரரில இருந்து வரவழைக்கலாம். நீங்க போட்ட வார்த்தை, தேதி, எந்தத் தளம், எத்தன வந்துச்சு, எத எதுக்காகத் தள்ளுனீங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. யாரு கேட்டாலும் அத காட்டலாம். அதுதான் உங்களுக்கு சீல்."

நான்கு நாள் கல்லூரிக்கு லீவு போட்டாள். குடிகாட்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாள்கள் பரவின. கணவர் சுப்பராயலு சிப்காட்டில் காலை ஷிஃப்ட் முடித்து வந்து, உட்கார இடமில்லாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு ஜீரோ வாங்கப் போறேன்னு கெளம்புன. முப்பத்தெட்டு வாங்கியாந்திருக்க. ஜாஸ்திதான்."

"கிண்டலா?"

"இல்ல விருத்தா. ஜீரோவ ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு ஆணி அடிச்சி வச்சிருந்தேன், அதான் சொன்னேன்."

"அந்த ஆணியில உங்க சட்டைய மாட்டுங்க. மாட்டிட்டு, அந்த செவப்பு பேனாவ எடுங்க."

முப்பத்தெட்டும் தோலைப் பார்த்திருந்தன. எண்ணெயைப் பார்த்திருந்தன. கையுறை, மருந்து, களிம்பு. ரேகை மங்கியதை நான்கு கட்டுரைகள் சொல்லியிருந்தன. ரேகை இல்லாத பெண் ரேஷன் கடையில் போய் நின்றால் என்ன ஆகிறது என்று ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

விருத்தாம்பாள் பரணிலிருந்து தன் பேட்டி நோட்டுகளை இறக்கினாள். கேள்வித்தாளில் ரேஷன் கடைக்கு இடமே இல்லை. ஆனாலும் பெண்கள் தாங்களாகவே அதைப் பேசியிருந்தார்கள். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று அவள் அதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள். 'பேத்தி விரல் வைக்கிறாள்.' 'மருமகள் வந்தால்தான் அரிசி.' 'மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் ரேகை கொஞ்சம் விழும், அதனால் அரிசி வாங்கும் வாரம் கொட்டை உடைக்க மாட்டேன்.' எண்ணிப் பார்த்தாள். நூற்று நாற்பதில் அறுபத்திரண்டு ஓரங்கள்.

மறுநாள் லலிதாம்பிகைக்குப் போன் செய்தாள். ரேகை, அதற்கு இன்னும் நான்கு பெயர், முந்திரி, ரேஷன், அதற்கு மூன்று பெயர். முதல் தளத்தில் ஒன்றும் வரவில்லை.

"மேடம், ஜீரோ" என்றாள் விருத்தாம்பாள். இந்தத் தடவை குரலில் குதிப்பு இல்லை. "நம்பலாமா?"

"நம்பாதீங்க. இன்னும் ரெண்டு தளம் இருக்கு. நம்ம நாட்டு தீசிஸ் எல்லாம் சேத்து வச்சிருக்கற எடம் ஒண்ணு இருக்கு. முந்திரிய எடுத்துட்டு, செங்கல் சூள, பீடி, கட்டட வேலன்னு போட்டுப் பாருங்க. ரேகை அவுங்களுக்கும்தான் போவும்."

போட்டாள். கட்டடத் தொழிலாளர்களின் ரேகை பற்றி ஆறு வந்தன. சேர்த்துக்கொண்டாள். முந்திரிக்கு வரவில்லை.

புதன்கிழமை மாலை, இரண்டாம் இயலில் அந்தப் பழைய வாக்கியத்தை அவளே சிவப்புப் பேனாவால் அடித்தாள். மேலே எழுதினாள்:

'மூன்று தளங்களில், பின்னிணைப்பில் உள்ள சொற்களைக் கொண்டு, இம்மாதம் பதினொன்றாம் தேதி வரை தேடியதில் முந்திரித் தொழிலாளர் கைகளைப் பற்றி முப்பத்தெட்டு ஆய்வுகள் கிடைத்தன. கைரேகை மங்கிய பெண்கள் ரேஷன் கடை இயந்திரத்தின் முன் என்ன செய்கிறார்கள் என்பதை அவற்றுள் எதுவும் ஆராயவில்லை. எம் தேடலுக்கு எட்டாதவை இருக்கக்கூடும்.'

சுப்பராயலு வாசித்துப் பார்த்தார்.

"பழசு ஒரு வரி. இது மூணு வரி. கடைசி வரி எதுக்கு? நீயே ஏன் காட்டிக் குடுக்கற?"

"அது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

அன்று நன்றாகத் தூங்கினாள்.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. கமிட்டி ஏற்றுக்கொள்கிறது. பென்சில்காரர் எழுந்து கை குலுக்குகிறார். டீ, போண்டா. [எல்லாரும் 'வாழ்த்துகள்' என்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. எனக்குக் காதில் ஒன்றும் விழாத முடிவு இது.]

ஆ. கமிட்டி மறுக்கிறது. விருத்தாம்பாள் வெளியே வந்து, தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, ரயிலடி வரை நடந்தே [நாலு வரி எழுதினேன். எனக்கே அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. "எனுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குது, நீங்க ஏன் இப்பவே ஒப்பாரி வக்கிறீங்க?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.]

இ. இது குஞ்சிதபாதம் சொன்ன முடிவு. தேடலைச் சேமித்து வைத்தால், அந்த வார்த்தைகளில் புதிதாக எது வந்தாலும் தளமே மின்னஞ்சல் அனுப்புமாம். இரண்டு மாதம் கழித்து விருத்தாம்பாளுக்கு முப்பத்தொன்பதாவது வருகிறது. ஆப்பிரிக்காக்காரிதான் எழுதியிருக்கிறாள். "இதுல கத முடிஞ்சா எல்லாரும் அந்த வசதிய பயன்படுத்துவாங்கம்மா" என்றார். நல்ல யோசனை. ஆனால் அது வியாழக்கிழமையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. தாண்ட எனக்கு மனமில்லை.

ஆகவே வியாழக்கிழமை, காலை பதினொன்று. ஒரு நீள மேஜை. இந்தப் பக்கம் விருத்தாம்பாள் நிற்கிறாள். இரவு அயர்ந்து தூங்கிய முகம். நோட்டு கையில் இருக்கிறது, திறக்கவில்லை. அந்தப் பக்கம் மூன்று நாற்காலி. ஒன்றில் செம்பியன் சார். ஒன்றில் பென்சில்காரர். அவர் இரண்டாம் இயலைப் புரட்டி, சிவப்பு அடித்தலைப் பார்க்கிறார். புதிய மூன்று வரிகளையும் நிதானமாகப் படிக்கிறார். கோடு போடவில்லை.

"முப்பத்தெட்டு பேரு ஏற்கெனவே செஞ்சிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் நீங்க எதுக்கும்மா?"

"சார், அவுங்க முப்பத்தெட்டு பேரும் கையப் பாத்தாங்க. நல்லாப் பாத்திருக்காங்க, அத நான் தெனமும் எடுத்துப் படிக்கிறேன். அந்தக் கைய எங்க போயி நீட்டுறாங்கன்னு நான் பாக்கறேன்."

"அது கேள்வித்தாள்ல இல்லியே?"

"இல்ல சார். நான் கேக்கல. அவுங்களா சொன்னாங்க. அறுபத்திரெண்டு பேரு."

பென்சில்காரர் பென்சிலை மேஜையில் வைக்கிறார். செம்பியன் சார் தொண்டையைச் செருமுகிறார். அவர் கைடு, அவர் பேசக் கூடாது.

மூன்றாவது நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று எனக்குப் பல நாள் யோசனை. பெயர் போட்டுப் பார்த்தேன், அழித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. நீங்கள்தான் முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறீர்கள். நோட்டையும் பார்த்தீர்கள், ஓரங்களையும் பார்த்தீர்கள். உட்காருங்கள்.

பென்சில்காரர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"